வாசலில் வந்து படுத்த தங்கச்சி

என் அன்பிற்கும் மரியாதைக்கும் உரிய உங்களுக்கு,

அமைதியும் நன்மையும் உங்களோடு இருக்கட்டும். நானும் அத்தையும் நலம். கப்பல் அடுத்த துறைமுகத்துக்கு வரும்போது இது உங்கள் கைக்குக் கிடைத்துவிடும் என்று கம்பெனி அலுவலகத்தில் சொன்னார்கள். போனில் எதையும் மனம்விட்டுப் பேச முடிவதில்லை. உங்கள் பக்கம் இன்ஜின் இரைச்சல், என் பக்கம் காதைத் தீட்டிக்கொண்டு உங்கள் அம்மா. அதனால்தான் எழுதுகிறேன்.

அத்தைக்கு இடுப்பு இன்னும் தேறவில்லை. கட்டிலை விட்டு இறங்க ஆள் வேண்டும். வாய்க்கு மட்டும் துணை தேவைப்படவில்லை. நேற்று நான் சமைத்ததைச் சாப்பிட்டுவிட்டு, "வீட்டு உப்பெல்லாம் என் பிள்ளை கூடவே கடலுக்குப் போயிடுச்சு போல" என்றார்கள். குளியலறைக் குழாய் ஒழுகிக்கொண்டே இருந்தது. படிக்கட்டுப் பக்கம் முதல் வீட்டில் இருக்கும் எலக்ட்ரீஷியன் தம்பி, தன் வேலை இல்லை என்றாலும் வந்து சரிசெய்து கொடுத்தார். அவர் மனைவிக்கு ஆண் குழந்தை பிறந்திருக்கிறது.

சலவை நிலையத்தில் எனக்கு இப்போது ஆஸ்பத்திரி விரிப்புகளை இஸ்திரி போடும் பிரிவு. வேலை பழகிவிட்டது. ஞாயிறு மதியம் தவறாமல் தையல்காரர் அண்ணன் கடையில் எங்கள் மூன்றாம் சபைக் கூட்டம் நடக்கிறது. நான் அதில் சேர்ந்தபோது, "சாமியாரா மட்டும் போயிடாதே" என்று சொல்லிவிட்டுத்தானே கப்பல் ஏறினீர்கள். பயப்படாதீர்கள். குடும்பத்தோடும் வேலையோடும் இருந்துகொண்டே அசிசி நகரத்துப் புனிதர் பிரான்சிஸ் காட்டிய வழியில் வாழப் பார்க்கிற நாலைந்து பேர் நாங்கள், அவ்வளவுதான். சண்டை போட்டவர்களைச் சேர்த்துவைப்பது, நோயாளி வீட்டில் போய் உட்காருவது, எந்த உயிரையும் அண்ணன், தங்கச்சி என்று உறவாக நினைப்பது, இவைதான் எங்கள் சாமியார் வேலை.

அந்த உறவு விஷயத்தில்தான் இப்போது ஒரு சிக்கல். நம் கட்டடத்துக்கு ஒரு நாய் வந்திருக்கிறது. பெட்டை. சாம்பல் நிறம். உச்சி வெயிலில் படியேறி வருகிறது. குரைப்பதில்லை. எதை வைத்தாலும் முகர்ந்துகூடப் பார்ப்பதில்லை. புறாக்கள் அதன் முதுகுக்குப் பக்கத்திலேயே நடந்து தானியம் பொறுக்குகின்றன. முதலில் அது கீழ்த்தளத்தில் பழைய தபால்காரர் வாசலில் வந்து படுத்தது. மறுநாள் அவர் இறந்தார். வயதானவர், நோயாளி, யாரும் ஒன்றும் நினைக்கவில்லை. அப்புறம் இரண்டாம் மாடியில் வங்கிக் காவலாளி வீட்டு வாசலில் படுத்தது. அவர் மனைவி திடகாத்திரமானவர், உங்களுக்கே தெரியும். மறுநாள் துணி உலர்த்திக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்து உயிரை விட்டார்.

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை என்று நான் எல்லோரிடமும் சொன்னேன். ஆனால் நாய் எழுந்து போன பிறகு அந்த வாசலை நான்தான் கழுவிவிட்டேன். சுற்றிலும் தரை கால் வைக்க முடியாமல் சுட்டது. அது படுத்திருந்த இடம் மட்டும் ஈரத்துணி விரித்ததுபோலக் குளிர்ந்திருந்தது. இதை அத்தையிடம் சொல்லவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். வெயிலில் தளத்தில் நின்று வேலை செய்தால் தலையில் துணி கட்டிக்கொள்ளுங்கள்.

உங்கள் நினைவாகவே இருக்கும்,
உங்கள் மனைவி


அன்புள்ள உங்களுக்கு,

அமைதியும் நன்மையும் உண்டாகட்டும். போனில் நீங்கள் கேட்டதற்கு, "நாயா, அது எங்கேயோ போயிடுச்சு" என்று அத்தையின் காதில் விழும்படி சொன்னேன். போகவில்லை. நடந்ததை முழுக்கச் சொல்கிறேன். படித்து முடிக்கும்வரை கோபப்படாதீர்கள்.

போன கடிதத்துக்குப் பிறகு அது நம் மாடிக்கு வந்து, எலக்ட்ரீஷியன் தம்பியின் வாசலில் படுத்தது. உள்ளே பச்சைக் குழந்தை. அவர் பயந்துபோனதில் என்ன தப்பு? கழுத்தில் ஒயரைக் கட்டிக் கீழே இழுத்துக்கொண்டு போனார். அது கொஞ்சமும் முரண்டு பிடிக்கவில்லையாம். கீழே கடைசி வீட்டில் கடிகாரம் பழுது பார்க்கிறவர் தனியாக இருந்தாரே, யாரோடும் பேசாதவர், எல்லோரும் ஊமைக் கடிகாரம் என்று கூப்பிடுவார்களே, அவர் வாசலில் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார். மறுநாள் மதியம் அந்த மனிதர் வேலை மேஜையில் தலை சாய்ந்தபடி இருந்தார். கண்ணில் வைத்துப் பார்க்கிற பூதக்கண்ணாடிகூடக் கழன்று விழவில்லை.

அன்றிலிருந்து அந்தத் தம்பி குழந்தையைத் தூக்குவதில்லை. அவர் மனைவி வந்து என்னிடம் அழுதாள். கையைக் கழுவிக்கொண்டே இருக்கிறாராம். "அக்கா, என் கையால ஒரு ஆளைக் கொன்னுட்டேன்" என்றுதான் என்னிடமும் சொன்னார். இதைவிடக் கொடுமை என்ன தெரியுமா? கட்டடத்தில் யாரும் அவரைத் திட்டவில்லை. வழி தெரிந்துவிட்டது என்று எல்லோருக்கும் உள்ளுக்குள் ஒரு நிம்மதி. ஒவ்வொரு கதவுக்குப் பின்னாலும் ஒரு குச்சி வந்துவிட்டது. நிலைப்படியில் பினாயிலைக் கொட்டினார்கள். வராந்தாவில் பிள்ளைகள் சத்தம் நின்றுபோயிற்று. படியில் ஒருவரை ஒருவர் பார்த்தால் முகத்தைப் பார்ப்பதில்லை. யார் வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை என்று நடையைப் பார்க்கிறார்கள், கையில் இருக்கும் மருந்துப் பையைப் பார்க்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை சபையில் இதைச் சொன்னேன். எங்களில் ஒருவரான செவிலியர் அக்கா, இதெல்லாம் இதயக்கோளாறு, நாய்க்கும் சாவுக்கும் சம்பந்தமில்லை என்றார். தையல்காரர் அண்ணன் கையிலிருந்த துணியை மடித்துவைத்தார். "நாயைத் தங்கச்சின்னு கூப்பிடுறது சுலபம்மா. நம்ம புனிதர் சாகற நேரத்துல சாவையே வா தங்கச்சின்னு கூப்பிட்டாரு. அதைத்தான் நம்மால சொல்ல முடியுமான்னு தெரியல. எனக்கு வாய் வரல" என்றார். அவர் அப்படிச் சொன்னதே எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. பயத்தோடு இருப்பவள் நான் ஒருத்தி மட்டும் இல்லையே. சம்பந்தம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், அது எந்த வாசலில் படுக்கிறதோ அந்த வீட்டுக்குப் போய்ச் சேர்ந்து இருப்போம் என்று முடிவு செய்தோம். ஊமைக் கடிகாரம் செத்த பிறகுதானே அவர் வீட்டுக்குள் ஒரு நாற்காலிதான் இருந்தது என்று எங்களுக்குத் தெரிந்தது.

இனிதான் நான் சொல்ல வந்தது. புதன்கிழமை எனக்கு மதியத்தோடு வேலை முடிந்தது. வீட்டுக்கு வந்து, அத்தைக்கு முதுகில் தைலம் தேய்த்துவிட்டு, கை கழுவப் போனேன். வெளியே சுவரில் குச்சி உரசுகிற சத்தம் கேட்டது. கதவைத் திறந்து பார்த்தேன். நாய் நம் மாடி வராந்தாவில் நின்றது. படிக்கட்டுப் பக்கத்திலிருந்து வீடு வீடாக ஆட்கள் வெளியே வந்து, தன் வாசலைத் தாண்டும்வரை குச்சி நுனியால் அதை மெல்லத் தள்ளிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினார்கள். அடிக்கவில்லை. அதட்டவில்லை. அடுத்த வீட்டு டீச்சரம்மா, எனக்குக் காய்ச்சல் வந்தபோது இரவெல்லாம் விழித்திருந்தவர், துடைப்பத்தின் காம்பால் தள்ளினார். என்னைப் பார்த்ததும் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார். தாழ்ப்பாள் போடும் சத்தம் ஒவ்வொன்றாக நம் வீட்டை நோக்கி வந்தது.

நம் வீடுதான் கடைசி. அதற்கு அப்புறம் சுவர். நான் தள்ளினால் அது திரும்பி அடுத்த வீட்டுக்குத்தான் போயாக வேண்டும். அந்த வீட்டில் டீச்சரம்மாவின் பேத்தி இருக்கிறாள்.

நம் கதவுக்குப் பின்னாலும் ஒரு குச்சி இருந்தது. ஜன்னல் கொக்கி மாட்டுகிற குச்சி. என் கை அதைத் தொட்டது, பொய் சொல்லமாட்டேன். உள்ளே உங்கள் அம்மா. நீங்கள் என்னை நம்பி விட்டுப்போனவர்கள். நாய் என் முன்னால் வந்து நின்று, தன் பெயரை மறந்துபோன ஆள், யாராவது அதை எடுத்துச் சொல்வார்களா என்று பார்ப்பதுபோல என்னைப் பார்த்தது. கழுத்தில் அந்த ஒயர் இன்னும் இருந்தது. தோல் கிழிந்து சதை தெரிந்தது. நான் குனிந்து ஒயரை அவிழ்த்தேன். விரல்கள் மரத்துப்போகிற குளிர்ச்சி. "வா தங்கச்சி" என்று சொல்லிப் பார்த்தேன். பாதிதான் குரல் வந்தது.

அத்தை கட்டிலிலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள். நாய் எங்கேயோ போய்விட்டது என்று நான் சொன்ன பொய்யும் அவர்களுக்கு முதலிலேயே தெரியுமாம். நான் என்ன செய்வது என்று அவர்களையே கேட்டேன். உயிர் அவர்களுடையது, கேட்காமல் எப்படி? "உன்னையே இந்த வீட்டுக்குள்ள விட்டேன். நாயை விடறதுக்கு என்ன யோசனை? வெயில்ல நிக்குது, சாக்கைப் போடு" என்றார்கள். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்கள். ஒரு கை மட்டும் பின்னால் நீண்டு என்னைத் தேடியது. நான் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டேன். நாய் நிலைப்படியில் படுத்தது.

நான் செய்தது சரியா என்று எனக்குத் தெரியவில்லை. தப்பு என்றால் உங்கள் தாய்க்கு நான் செய்த தப்பு. அதை எழுத்தில் உங்களிடம் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

உங்கள் பதிலுக்கு ஏங்கும்,
உங்கள் மனைவி


அன்புள்ள உங்களுக்கு,

உங்கள் குரலைக் கேட்டதிலிருந்து எனக்குப் பாதி பாரம் குறைந்துவிட்டது. நீங்கள் திட்டுவீர்கள் என்று நினைத்திருந்தேன். "அம்மா சாப்பிட்டாங்களா?" என்று மட்டும் கேட்டீர்கள். சாப்பிட்டார்கள். இப்போதும் நன்றாகச் சாப்பிடுகிறார்கள்.

நாய் வந்த மறுநாள் காலையில் கதவு தட்டப்பட்டது. எலக்ட்ரீஷியன் தம்பி நின்றார். வேலைப் பை இல்லை, கருவிகள் இல்லை. "நான் கொஞ்ச நேரம் இங்க உட்காரலாமா அக்கா?" என்று கேட்டார். அத்தையின் கட்டிலருகே சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். நாயைப் பார்க்கவே இல்லை. அத்தைதான், "உன் பிள்ளையைக் கொண்டா, பார்க்கணும்" என்றார்கள். அவர் தயங்கினார். "நான் இன்னைக்கோ நாளைக்கோன்னு இருக்கேன், என்னைக் காக்க வைக்காதே" என்று அத்தை அதட்டியதும் ஓடிப்போய்த் தூக்கிக்கொண்டு வந்தார். அத்தனை நாளுக்குப் பிறகு அன்றுதான் அவர் கை குழந்தையைத் தொட்டது. நாய் தலையைத் தூக்கிக் குழந்தையை ஒருதரம் பார்த்துவிட்டு மறுபடி படுத்துக்கொண்டது.

அதற்கப்புறம் தையல்காரர் அண்ணன் வந்தார். செவிலியர் அக்கா தினமும் வந்தார். டீச்சரம்மா பேத்தியோடு வந்து, என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அப்படியே ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஆள் வந்தது. இந்த வீட்டில் இத்தனை பேர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. அத்தை ராஜாங்கம் நடத்துகிறார்கள். யார் வீட்டுப் பெண்ணுக்கு எப்போது கல்யாணம் என்பதுவரை தீர்ப்புச் சொல்கிறார்கள். வராந்தாவில் பிள்ளைகள் மறுபடி ஓடுகிறார்கள். கதவுகளுக்குப் பின்னால் இருந்த குச்சிகளில் துணி காய்கிறது.

மறுநாள் கழிந்தது. அதற்கு மறுநாளும் கழிந்தது. வாரமும் போயிற்று. அத்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆகாதது மட்டுமல்ல, நேற்றுக் கட்டிலின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு தானாக எழுந்து நின்றார்கள். எல்லோரும் கை தட்டினோம். செவிலியர் அக்கா, "பார்த்தியா, நான் அப்பவே சொன்னேனே, நாய்க்கும் சாவுக்கும் சம்பந்தமில்லை" என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

நாய் போகவில்லை. நிலைப்படியை விட்டு உள்ளே வந்துவிட்டது. அத்தையின் கட்டில் பக்கம் போவதில்லை. நான் பாய் விரிக்கும் இடத்தில், என் கால்மாட்டில் படுக்கிறது. நான் வேலைக்குக் கிளம்பினால் எழுந்து சலவை நிலையத்தின் கேட்வரை கூடவே வருகிறது. நான் வெளியே வரும்வரை அங்கேயே இருக்கிறது. இப்போது அதன் உடம்பு முன்புபோலக் குளிர்வதில்லை. அல்லது எனக்குப் பழகிவிட்டதோ என்னவோ.

தொளதொளத்துப்போன என் ரவிக்கைகளைத் தையல்காரர் அண்ணன் இன்னொரு தடவை பிடித்துத் தைத்துக் கொடுத்தார். அளவெடுக்கும்போது நாடாவை இரண்டு தரம் பார்த்தார். கூலி வாங்கவில்லை. செவிலியர் அக்கா என் கழுத்துக்குக் கீழே தட்டுப்படும் கட்டியைத் தொட்டுப் பார்த்தார். அப்போது அவர் சிரிக்கவில்லை. வரும் வாரம் பெரிய டாக்டரிடம் அவரே என்னைக் கூட்டிக்கொண்டு போகிறாராம். கவலைப்படும்படி ஒன்றும் இருக்காது என்று என்னைவிட அவர்தான் அடிக்கடி சொல்கிறார். அத்தையிடம் சொல்லவில்லை. ஆனால் நேற்றிலிருந்து அத்தை எனக்குத் தலைவாரிப் பின்னிவிடுகிறார்கள். கேட்டால், "சும்மா இருக்கேன், கைக்கு ஒரு வேலை" என்கிறார்கள்.

வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான் இருக்கிறோம். நீங்கள் கணக்குப் போட்டுப் பார்க்கக்கூடியவர்.

எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. சபையில் சேர்ந்துவிட்டால் பயம் போய்விடும் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் கதவை அன்று திறந்ததற்காக ஒரு நாளும் வருத்தப்படவில்லை. இதை நீங்கள் நம்ப வேண்டும்.

ஒப்பந்தம் முடியும்வரை காத்திருக்க வேண்டாம். கேப்டனிடம் சொல்லி, முடிந்தால் அடுத்த துறைமுகத்திலேயே இறங்கி வாருங்கள். எனக்கு எதுவும் வாங்கிவர வேண்டாம். கதவு திறந்தேதான் இருக்கும். வாசலில் அந்தத் தங்கச்சி படுத்திருந்தால் விரட்டிவிடாதீர்கள். தாண்டியும் வராதீர்கள். குனிந்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டு உள்ளே வாருங்கள்.

கடலும் காற்றும் உங்களைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உங்கள் வரவுக்காகக் காத்திருக்கும்,
உங்கள் மனைவி