இத்தோவுக்குக் கொடுத்த தேநீர்

அன்பு மகள் ஈஜ்ஜாவுக்கு வாப்பா எழுதுவது. நீ சுகமாக இருக்க அல்லாஹ் போதுமானவன். இங்கேயும் சுகம் என்று எழுதத்தான் ஆசை, கை வரவில்லை. உன் பிள்ளை இத்தோ விளையாடுகிறாள் என்று போனில் சொன்னதெல்லாம் பொய். நேரே சொல்ல நாக்கு எழவில்லை, அதனால் நாளைக்கு ஸ்பெயின் கிளம்பும் பக்கத்து வீட்டுப் பெண் தூதா கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

நீ ஸ்ட்ராபெரி பறிக்கப் போன இரண்டாம் மாதமே இத்தோ மாறிவிட்டாள். வகுப்பில் உட்காருவதில்லை, பிள்ளைகளைக் கடிக்கிறாள், பாதி நேரம் வெறித்துப் பார்க்கிறாள். "படிச்ச எழுத்தையே மறக்குது, வீட்லயே வச்சுக்கங்க" என்று டீச்சரம்மா சொல்லிவிட்டாள். அம்மாவைத் தேடுகிறாள் என்று நினைத்தேன். அழுதால் தேநீர், அடம் பிடித்தால் தேநீர், மூன்று வேளையும் தேநீரில் தொட்ட ரொட்டி. அதையாவது தின்கிறாளே என்று பருப்பும் மத்தி மீனும் ஊட்டுவதை விட்டுவிட்டேன். அப்புறம் அடுப்படிச் சுவர் மண்ணைச் சுரண்டித் தின்ன ஆரம்பித்தாள். ஜின் தொட்டிருக்கும் என்று பயந்து தாயத்துக் கட்டி மூன்று வாரத்தை வீணாக்கினேன், என் புத்தியைச் செருப்பால் அடிக்கவேண்டும். உன் உம்மா உயிரோடிருந்தால் முதல் நாளே கண்டுபிடித்திருப்பாள்.

போன செவ்வாய்ச் சந்தையில் என் கையை உதறிவிட்டு நடுச்சாலையில் போய் நின்றாள். வண்டி வருகிறது, தொண்டை கிழியக் கூப்பிடுகிறேன், யாரையோ பார்ப்பதுபோல் என்னைப் பார்க்கிறாள் மகளே. வண்டிக்காரன் ஒரு முழத்தில் நிறுத்தி இறங்கிவந்து, "என்ன பெரியவரே, பிள்ளை உதடெல்லாம் வெளுத்துக் கெடக்கே, கண்ணு தெரியலயா" என்று திட்டி, அவனே ஆஸ்பத்திரியில் கொண்டுபோய் விட்டான். பதினொன்றுக்கு மேல் இருக்கவேண்டிய ரத்த அளவு ஐந்துதானாம். "சாப்பாட்டோட டீ குடுத்தா இரும்புச்சத்து ஒடம்புல சேராது, அது இல்லாம பிள்ளை எப்படிக் கவனிக்கும், எப்படி உக்காரும்" என்றாள் டாக்டரம்மா. சேட்டை என்று நான் பிள்ளையை இரண்டு முறை அடித்திருக்கிறேன். மெதுவாக ரத்தம் ஏற்றிப் பார்ப்போம், இதயம் தாங்கவேண்டும் என்கிறாள். மறந்த எழுத்து திரும்ப வருமா என்று கேட்க எனக்குத் தைரியமில்லை. இது உன் கைக்கு வருவதற்குள் ஏற்றியிருப்பார்கள். அப்போது என்ன சேதியோ.

பாதியில் வந்தால் அடுத்த வருஷம் உன்னை வேலைக்குக் கூப்பிடமாட்டார்கள், நீ வராதே, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். நான் பார்த்துக்கொண்ட லட்சணம்தான் இது. வேலை போனால் போகட்டும், வந்துவிடு. மேஸ்திரியிடம் பாஸ்போர்ட்டை மறக்காமல் கேட்டு வாங்கிக்கொள். அல்லாஹ் உன்னைப் பத்திரமாகவும் சீக்கிரமாகவும் அவளிடம் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உன் வாப்பா,
மோஹா