இடையில் நின்ற பதினொரு பேர்

மார்ச் 3

உளச்சிகிச்சை ஆய்விதழிலிருந்து, பிரசுரிக்கலாமா என்று மதிப்பிடச் சொல்லி ஒரு கட்டுரை வந்திருக்கிறது. மூன்று வாரம் கெடு. இதழாசிரியர் வழக்கம்போல மூன்று வரி எழுதி ஏழு கமா போட்டிருக்கிறார். (நான் அவருக்கு வைத்திருக்கும் பெயரே கமாதான்.) கட்டுரை எழுதியவர் யாரென்று எனக்குத் தெரியாது, நான் யாரென்று அவருக்குத் தெரியாது. அந்த வசதியில்தான் நாங்களெல்லாம் இவ்வளவு தைரியமாகக் குறை சொல்கிறோம்.

மார்ச் 6

மனச்சோர்வுக்குப் பன்னிரண்டு வாரச் சிகிச்சை. சேர்ந்தவர்கள் அறுபது பேர். முடித்தவர்கள் நாற்பத்தொன்பது. அதில் முப்பத்தொன்பது பேருக்குக் குணம். நூற்றுக்கு எண்பது என்று முதல் பத்தியிலேயே மார்தட்டல். மீதிப் பதினொரு பேர்? அட்டவணைக்குக் கீழே பொடி எழுத்தில், 'இடையில் நின்றவர்கள், கணக்கில் சேர்க்கப்படவில்லை.' அறுபதால் வகுத்தால் நூற்றுக்கு அறுபத்தைந்துதான் வருகிறது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறார்கள்.

கோபம் வந்தால் எனக்கு எழுத்து நன்றாக வரும். நான்காவது கேள்வியாக எழுதினேன்: "ஏன் நின்றீர்கள் என்று அந்தப் பதினொரு பேரில் ஒருவரையாவது கேட்டீர்களா?" எழுதிவிட்டு நானே இரண்டு தடவை படித்து ரசித்தேன்.

மார்ச் 9

பின்னிணைப்பை இன்றுதான் படித்தேன். 'ஒவ்வொரு அமர்வும் முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது சிறிய மேசைமணி ஒலிக்கப்படும்.'

மணி.

தம்பி சொல்லிச் சிரித்த மணி. "மணி அடிச்சா அழுகைய நிறுத்திடணும்க்கா, பள்ளிக்கூடம் மாதிரி." ஆண்டும் பொருந்துகிறது. நான்தான் அவனை அங்கே சேர்த்துவிட்டேன். ஐந்தாவது வாரம் நின்றுவிட்டான். எதையும் உருப்படியாக முடிக்காதவன் என்று திட்டினேன். இரண்டு வருடமாக மனதுக்குள் திட்டிக்கொண்டேதான் இருக்கிறேன். ஏன்டா நின்னேன்னு —

கேட்கவில்லை. ஒருநாள்கூட. ஊருக்குத்தான் உபதேசம்.

மார்ச் 11

சொந்தக்காரர் சம்பந்தப்பட்டிருந்தால் மதிப்பிடுபவர் விலக வேண்டும் என்பது விதி. நான் விலகினால் நான்காவது கேள்வியும் என்னோடு போய்விடும். அடுத்து வருபவர் 'அருமையான ஆய்வு' என்று நாலு வரி எழுதிக் கையைக் கழுவிவிட்டால்? பேசாமல் அனுப்பிவிடலாமா? யாருக்குத் தெரியப்போகிறது?

எனக்குத் தெரியும். அதுதான் தொல்லை.

மார்ச் 14

தம்பி வீட்டுக்குப் போனேன். கட்டுரை பற்றி மூச்சு விடவில்லை, விடவும் கூடாது. சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான்.

"அந்தச் சிகிச்சைய ஏன்டா விட்டே?"

"இப்ப எதுக்குக்கா அது?"

"கேக்கணும்னு தோணுச்சு."

"போகப் போக இன்னும் மோசமாச்சு. அவங்ககிட்ட சொன்னேன். ஆரம்பத்துல அப்படித்தான் இருக்கும், பொறுத்துக்கோங்கன்னாங்க." காலரைத் திருப்பிப் போட்டான். "உங்கிட்டயும் சொன்னேனே. நீயும் அதையேதான் சொன்னே."

சொன்னேன். ஐயோ, சொன்னேன். அடுப்பில் ஏதோ கிண்டிக்கொண்டே, போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு சொன்னேன்.

மார்ச் 15

கமாவுக்குப் போன் செய்தேன். நெருங்கிய சொந்தம் ஒருவர் அந்தச் சிகிச்சையில் இருந்தார் என்று மட்டும் சொல்லி விலகிக்கொண்டேன்.

"சரியாத்தான் செஞ்சீங்க."

"நான் எழுதி வச்ச கேள்விகள் வேணுமா சார்?"

"வேண்டாம்மா. இனிமே உங்க கருத்து எதுவும் எனக்கு வரக்கூடாது." போனை வைப்பதற்கு முன் சேர்த்துக்கொண்டார்: "அட்டவணைய நானும் படிப்பேன்."

அவ்வளவுதான். எழுதியதையெல்லாம் அழித்தேன். அந்தப் பதினொரு பேரையும் நானே அழித்த மாதிரி இருந்தது.

ஏப்ரல் 2

தகவல் இல்லை. விலகியவளுக்கு எதற்குத் தகவல்? இருந்தும் தினமும் மெயிலைத் திறந்து பார்க்கிறேன்.

மே 20

சாயங்காலம் தம்பி போன் செய்தான். அவனாகச் செய்வது அபூர்வம்.

"அக்கா, அங்கேருந்து கூப்பிட்டாங்க. ஏன் நின்னீங்கன்னு கேட்டாங்க. ஏதோ பத்திரிகைல கேக்கச் சொன்னாங்களாம்."

"நீ என்ன சொன்னே?"

"எல்லாத்தையும். முக்கால் மணி நேரம். நடுவுல யாரும் மணி அடிக்கல." சிரித்தான். பிறகு குரல் இறங்கியது. "இன்னும் நாலு பேர் இதையேதான் சொன்னாங்களாம்க்கா. நான் ஒருத்தன் மட்டும் இல்லையாம்."

அடுப்பை அணைத்தேன். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "முதல்லேருந்து சொல்லுடா" என்றேன்.