கட் ஆஃப் என்றால் என்னவென்று கேட்டு வந்தவளுக்கு

அம்மா,

நேற்று தங்கைக்குக் கல்லூரிப் பை வாங்க கட்கி பஜாருக்குப் போனேன். கடை வாசலில் தோல் பெல்ட்டுகள் தொங்கின. அந்த வாசனை மூக்கில் ஏறியதும் என் இடது கை தானாக முகத்தை மறைக்க எழுந்தது. கடைக்காரர் பயந்து விலகினார். பை வாங்காமலே பஸ் ஏறிவிட்டேன். உனக்கு எழுத வேண்டும் போலிருந்தது.

ஆறு வருடத்துக்கு முன் நுழைவுத் தேர்வில் எனக்கு வந்தது தொண்ணூற்றிரண்டு. அப்பா ஆசைப்பட்ட பொறியியல் கல்லூரியின் முந்தைய வருடக் கட் ஆஃப் தொண்ணூற்றைந்து. முதல் சுற்றுப் பட்டியலில் என் பெயர் இல்லை.

"தொண்ணூத்தஞ்சு வேணும்னு போட்டிருக்கான். நீ ஃபெயிலுடி!"

பெல்ட்டை உருவினார். அவர் தள்ளிய வேகத்தில் பீரோவில் மோதி என் இடது முழங்கை எலும்பு விரிசல் விட்டது. குறுக்கே விழுந்த உன் காதுமடல் தோட்டோடு கிழிந்தது. பன்னிரண்டு வயதுத் தங்கை கட்டிலுக்கடியில் ஒளிந்திருந்தாள்.

"படிச்சது போதும். எங்க அக்கா பையனுக்கு இவள முடிச்சிடறேன்" என்றார் அப்பா, மூச்சிரைக்க.

மறுநாள் காதில் தையலோடு நீ தனியாக அந்தக் கல்லூரிக்கே போனாய். உனக்குத் தெரிந்ததெல்லாம் காய்கறி வாங்கும் மராத்தி. சேர்க்கை மேசையில் இருந்த பெண்ணிடம், கட் ஆஃப் என்றால் என்ன என்று கேட்டாயாம். திரும்பி வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல், சாப்பிட்டுக்கொண்டிருந்த அப்பாவிடம் சொன்னாய்:

"அது பாஸ் மார்க் இல்லீங்க. போன வருஷம் கடைசியா சீட்டு கெடச்ச பிள்ளையோட மார்க்கு. கம்ப்யூட்டருக்கு ஒண்ணு, எலெக்ட்ரானிக்ஸுக்கு ஒண்ணு. மேல இருக்கறதுங்க வேற காலேஜுக்குப் போயிட்டா அடுத்த ரவுண்டுல இறங்கும். இவ ஃபெயிலாகல."

"எனக்கே பாடம் எடுக்கறியா?"

எச்சில் கையோடு எழுந்து பெல்ட்டை உருவிச் சுழற்றினார். நீ அதைப் பிடித்தாய். உள்ளங்கையில் இரண்டு சுற்று சுற்றி இழுத்தாய். அவர் சோற்றுத்தட்டின் மேல் குப்புற விழுந்தார். மூக்கு ரத்தம் சோற்றில் சொட்டியது. நீ அரிவாள்மணையை எடுத்துக்கொண்டு அவர் தலைமாட்டில் நின்றாய். வாழ்நாளில் முதல்முறையாக அவரை ஒருமையில் பேசினாய்.

"இன்னொரு தரம் இவ மேல கை வச்சே, அந்தக் கை உன் உடம்புல இருக்காது."

இரண்டாம் சுற்றில் அதே கல்லூரியில் எனக்கு எலெக்ட்ரானிக்ஸ் கிடைத்தது. அப்பா பேடா வாங்கி வந்தார். நீ தொடவில்லை. அதற்குப் பிறகு அவர் யாரையும் அடிக்கவில்லை. போன வருடம் மஞ்சள்காமாலையில் நீ கண்மூடும்வரை அவரோடு ஒரு வார்த்தையும் நீ பேசவில்லை.

போன மாதம் தங்கைக்கு முதல் பட்டியல் வந்தது. அவள் பெயர் இல்லை. அடுத்த சுற்றில் இறங்கும் என்று உன் வார்த்தைகளாலேயே அவளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்போது அப்பா நாற்காலியை விட்டு எழுந்தார்.

நான் எப்போது அவளை மறைத்து நின்றேன் என்று தெரியவில்லை. கையில் சப்பாத்திக் கட்டை இருந்தது. அப்பா அதைப் பார்த்தார்.

"தண்ணி குடிக்கத்தாம்மா போறேன்" என்றார், மெல்ல.

நகர்ந்து வழி விட்டேன். கட்டையைக் கீழே வைக்கவில்லை.