ஒரே கட்டத்தில் அப்பாவும் பிள்ளையும்

அன்புள்ள மகனுக்கு அப்பா எழுதுவது. இங்கே நான், அம்மா, என் முழங்கால் மூவரும் நலம். முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முரண்டு பிடிக்கிறது, மற்றபடி ஒரு குறையும் இல்லை. அங்கே நீயும் மருமகளும், பிறந்து நாற்பது நாள்கூட ஆகாத என் பேரனும் சுகமாக இருக்க வேண்டும். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். நான் வாயைத் திறப்பதற்குள் உன் அம்மா போனை வாங்கிக்கொள்கிறாள், கடைசியில் எனக்குக் கிடைப்பது "சரிப்பா, வச்சிடறேன்" மட்டும்தான். பட்டறையில் வேலைக்குக் குறைவில்லை. நான்கு பம்பு மோட்டார் வந்து கிடக்கின்றன. ஒன்றுக்குச் செம்புக் கம்பிக் காயில் கட்டி முடித்தாயிற்று, வார்னிஷ் காய்கிற நேரத்தில் இதை எழுதுகிறேன். அம்மா வாசல் கதவுக்குப் பச்சைப் பெயிண்ட் அடித்தாள், கதவுக்குப் பாதி, அவள் புடவைக்குப் பாதி.

பேரன் பிறந்த நேரத்தை அனுப்பி, "சும்மா ஒரு பார்வை பாருங்கப்பா" என்று கேட்டிருந்தாய். சும்மா கேட்கிறவன் அதையே மூன்று தடவை கேட்க மாட்டான். மருமகளும் பேச்சுவாக்கில் அம்மாவிடம் சொல்லிவிட்டாள், நீ வேலை செய்கிற இடத்துக்குப் பக்கத்தில் தனி அறை எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை மட்டும் வீட்டுக்கு வருகிறாயாம், அலைச்சல் மிச்சம் என்று காரணம் சொன்னாயாம். அவள் நம்பியிருக்கலாம், நான் நம்பவில்லை. அந்தப் பொய்யை உனக்கு முன்னாலேயே நான் சொன்னவன். பிள்ளை ஜாதகத்தில் சூரியனும் சனியும் ஒரே கட்டத்தில் இருக்கிறார்கள், அப்பனுக்கும் பிள்ளைக்கும் ஆகாது என்று யாரோ உன்னைப் பயமுறுத்தியிருக்கிறார்கள், அப்படித்தானே? உன் ஜாதகத்திலும் அதே சேர்க்கைதான் தம்பி. சனி ஒரு சுற்றுச் சுற்றி வர ஏறக்குறைய முப்பது வருஷம் ஆகும். உனக்கு முப்பது நடக்கிறது, உன் பிள்ளை நீ பிறந்த அதே மாதத்தில் ஒன்பது நாள் தள்ளிப் பிறந்திருக்கிறான். அதனால் இரண்டு கிரகமும் அதே கட்டத்தில் வந்து உட்கார்ந்துவிட்டன.

நீ பிறந்த மூன்றாவது வாரம் காதில் பேனா செருகிய ஒரு ஜோசியரிடம் போனேன். "புள்ளைக்கு ரெண்டு வயசு முடியற வரைக்கும் நீங்க ரெண்டு பேரும் ஒரே கூரைக்குக் கீழ இருக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டார். உங்களை வேறு ஊருக்கு அனுப்ப எனக்கு மனசு வரவில்லை. அப்போதுதான் என் மூளை வேலை செய்தது. பட்டறைக்குத் தனித் தகரக் கூரை, வீட்டுக் கூரைக்கும் அதற்கும் நடுவே ஒரு முழம் உயர வித்தியாசம். வேலை தலைக்கு மேல் கிடக்கிறது என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு பட்டறைக்குப் போய்விட்டேன். சாப்பாடு பட்டறைப் பக்கம் திறக்கிற சமையலறை ஜன்னல் வழியாக வரும், அம்மா இடுப்பில் நீயும் அதே ஜன்னலுக்குத்தான் வருவாய். கம்பிக்கு நடுவே கையை நீட்டினால் என் விரலைப் பிடித்துக்கொள்வாய், நான் என் தலை தகரத்துக்குக் கீழேதான் இருக்கிறதா என்று ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துக்கொள்வேன். நான்காம் நாளே அம்மாவுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. "கூரையைக் கணக்குப் பார்த்த மனுஷன் சுவத்தைப் பார்க்கலையா, ரெண்டுக்கும் ஒரே சுவர்தானே" என்று கேட்டாள்.

பதினோரு மாதம் அப்படியே ஓடியது. ஒருநாள் மத்தியானம் அம்மா உள்ளேயிருந்து "நடக்குறான், நடக்குறான்" என்று கூப்பிட்டாள். கையிலிருந்த செம்புக் கம்பியைப் போட்டுவிட்டு ஓடினேன். நான் ஜன்னலுக்கு வருவதற்குள் நீ உட்கார்ந்துவிட்டாய். மூன்று அடி வைத்தாயாம், ஜன்னலைப் பார்த்து வைத்தாயாம். அன்றைக்குச் சாயங்காலமே படுக்கையைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்குள் வந்துவிட்டேன். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பிறகு ரோஷத்தில் பஞ்சாங்கம் வாங்கி நானே கணக்குக் கற்றுக்கொண்டேன். ஒரு கட்டத்துக்கு முப்பது பாகை. உன் ஜாதகத்தில் சூரியன் மூன்றாம் பாகை, சனி இருபத்தாறாம் பாகை. கட்டம் ஒன்றுதான், ஆளுக்கு ஒரு மூலையில் இருக்கிறார்கள். பேனாக்காரர் கட்டத்தைப் பார்த்தாரே தவிர பாகையைப் பார்க்கவில்லை.

உன் பிள்ளைக்கும் அப்படியே இருக்கும் என்று ஆசையாகக் கணக்குப் போட்டேன். சூரியன் பன்னிரண்டு, சனி இருபது, நடுவே எட்டுப் பாகைதான். நெருக்கமான சேர்க்கைதான், உன்னிடம் மறைக்க மாட்டேன். இடைவெளியைக் கூட்டி எழுதிவிடலாமா என்றுகூட யோசித்தேன், கை வரவில்லை. அதனால் எனக்குப் பட்டதைச் சொல்கிறேன். சனி சூரியனுடைய பிள்ளை என்பது உனக்கே தெரியும். சூரியன் ஒரு கட்டத்தில் ஒரு மாதம்தான் இருப்பார், சனி இரண்டரை வருஷம் இருப்பார். அப்படியானால் விட்டுவிட்டுக் கிளம்புகிறவர் அப்பாதான். பிள்ளை மெதுவாக நடக்கிறவன், பாவம், அங்கேயேதான் இருக்கிறான். முப்பது வருஷமாகப் பார்த்ததில் நான் படித்த பலன் இவ்வளவுதான். உரசல் வரும், வரட்டும். மோட்டார் சைக்கிள் வாங்கித் தரவில்லை என்று பதினாறு வயதில் நீ ஆறு மாதம் என்னோடு பேசவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டேதான் பேசாமல் இருந்தாய். எனக்கு அதுவும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

மூன்று பேரும் நீண்ட ஆயுளோடு, ஒரே வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு நன்றாக இருங்கள், எங்கள் ஆசி எப்போதும் உண்டு. குழந்தையின் நகத்தை அவன் தூங்கும்போது வெட்டச் சொல்லி அம்மா எழுதச் சொன்னாள். இன்னொன்று, இதுவரை பதினான்கு படம் அனுப்பியிருக்கிறாய். மருமகள் இருக்கிறாள், சம்பந்தியம்மா இருக்கிறார், பக்கத்து வீட்டுப் பூனைகூட இருக்கிறது, ஒன்றிலும் நீ இல்லை. அந்த அறையைக் காலி செய்துவிட்டு வீட்டுக்குப் போ. அடுத்த படத்தை மருமகள் எடுக்கட்டும்.

இப்படிக்கு,
அந்த மூன்று அடியைப் பார்க்காமல் விட்ட
உன் அப்பா