முதல் மரத்துக்கு மஞ்சள் துணி

12-2-1974, செவ்வாய்

காலையில் எழுந்ததும் முதல் வேலையாகப் பச்சைப் பட்டின் முந்தானையைத் தைத்தேன். ஜரிகை ஓரத்தில் நான்கு விரல் அகலத்துக்கு விட்டுப்போயிருந்தது. விழாக்களுக்குக் கட்ட இருப்பது இது ஒன்றுதான். மடித்துத் தோளில் போட்டால் தையல் தெரியாது.

தலைமையாசிரியர் பார்த்தசாரதி அழைப்பிதழ் கொண்டுவந்தார். வெள்ளிக்கிழமை பள்ளி ஆண்டுவிழா. தலைமை, கலெக்டர். பரிசு வழங்குபவர், 'இளவரசி வசுந்தரா தேவி, பி.ஏ.' ஜமீன் போய் இருபத்தைந்து வருஷம் ஆகிறது. அரண்மனை முன்கட்டு முழுக்க நெல் கோடவுன். பின்கட்டில் இரண்டு அறைகளில் நான். இளவரசி அச்சில் மட்டும் இருக்கிறாள்.

ஆனால் அதே வெள்ளிதான் குப்பத்திலும் முதல் வலை. மாமல்லபுரத்துக்கு வடக்கே உள்ள அந்த மீனவர் குப்பத்தில், மாசி முதல் வெள்ளி விடியலில், அரண்மனைப் பெண் வந்து முதல் கட்டுமரத்தில் மஞ்சள் துணி கட்டிய பிறகுதான் மற்ற மரங்களும் கடலில் இறங்கும். பதினாறு வயதிலிருந்து நான்தான் கட்டுகிறேன்.

விழா காலை ஏழரைக்கு. முடித்துவிட்டுப் போனால் பத்து மணிக்குள் சேர்ந்துவிடலாம். டிரைவர் காசிநாதனிடம் சொல்லி அனுப்பினேன்.

"பத்து மணியா? விடியகாலைல எறங்குற மரமாச்சேம்மா" என்றார்.

"ஒரு நாள்தானே" என்றேன்.

13-2-1974

குப்பத்துப் பெரியவர் எல்லப்பனின் பதிலைக் காசிநாதன் அப்படியே சொன்னார்: "தொரசாணி வராம மரம் எறங்காது. காத்துகினு இருக்கோம்னு சொல்லு."

கேட்டபோது கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

15-2-1974, வெள்ளி

கலெக்டர் இரண்டு மணி நேரம் தாமதம். அவருக்குப் பக்கத்து நாற்காலி எனக்கு. நூற்றுப் பதினோரு பரிசுகள். பாதியில் எழுந்து வந்திருக்கலாம். போட்டோ எடுப்பவர் இருந்தார் — நான் எழுந்து வரவில்லை.

குப்பத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது பகல் ஒரு மணி. எல்லாரும் மரங்களின் அருகே வெயிலில் நின்றிருந்தார்கள். லட்சுமணனுடைய மரத்துக்குத்தான் இந்த வருஷம் முதல் இடம். துணி கட்டினேன். இறங்கினார்கள். உடனே திரும்பிவிட்டேன்.

16-2-1974

காலையில் காசிநாதன் வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை.

"நேத்து சாயந்தரம் காத்து தூக்கிட்ச்சாம்மா. எல்லாரும் கரை ஏறிட்டாங்க. லட்சுமணன் மட்டும் வரல. அவன் மரம் தனியா ஒதுங்கிக்கீது."

துணி இருந்ததா என்று கேட்டேன். ஏன் அதைக் கேட்டேன்?

"இருந்துதாம்" என்றார்.

17-2-1974

உடல் முட்டுக்காட்டில் கரை ஒதுங்கியது.

பேப்பரில் படம் வந்திருக்கிறது. கலெக்டரும் 'இளவரசி'யும். தையல் தெரியவில்லை.

19-2-1974

குப்பத்துக்குப் போனேன். திட்டுவார்கள் என்று நினைத்தேன். திட்டட்டும் என்றுதான் போனேன்.

எல்லப்பன் கையெடுத்துக் கும்பிட்டார். "உங்க கை பட்டதாலதாம்மா ஒருத்தனோட போச்சி. இல்லாங்காட்டி அத்தினி மரமும் கவுந்திருக்கும்."

லட்சுமணனின் மனைவி சின்னப்பொண்ணு அழவில்லை. நான் மணலில் உட்காரப் போனதைப் பார்த்துவிட்டு எழுந்தாள். வலைக்கு அடியில் கிடந்த ஒரு பலகையை இழுத்து, தூசி தட்டிப் போட்டாள்.

"தொரசாணி தரையில குந்தக் கூடாது."

அவள் தரையில் இருந்தாள். நான் பலகையில் உட்கார்ந்தேன். என்ன ஜன்மம் நான்.

இனிமேல் எனக்காகக் காத்திருக்க வேண்டாம் என்று எல்லப்பனிடம் சொன்னேன். "அத்த நீங்க சொல்லக் கூடாதும்மா. அது எங்க கடம" என்றார்.

7-4-1974

நூலகத் திறப்பு. ரிப்பன் வெட்டினேன். கத்தரிக்கோல் மழுங்கல்.

23-6-1974

ஒன்றை அன்றைக்கு நான் எழுதவில்லை. இந்த நோட்டை யாரும் படிக்கப்போவதில்லை, ஆனாலும் எழுதவில்லை.

நான் துணியைக் கையில் எடுத்தபோது லட்சுமணன் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றான். "காத்து மாறிக்கிது மாமா. நாளைக்கிப் பாத்துக்கலாம்" என்றான், மெதுவாகத்தான். எல்லப்பன் அவன் முதுகில் தட்டினார். "அம்மா இம்மாந்தூரம் வந்துக்கினுகீறாங்க, நீ இன்னாடா? வாய மூடு."

நான் இரண்டு அடி தள்ளி நின்றேன். எனக்குக் காது நன்றாகக் கேட்டது.

'நாளைக்கு வருகிறேன்' என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? திரும்ப ஒருமுறை அத்தனை தூரம் வர வேண்டுமே என்று நினைத்தேன். அவ்வளவுதான் நினைத்தேன். கட்டிவிட்டேன். அவன் குனிந்து கும்பிட்டுவிட்டு மரத்தைத் தள்ளினான்.

24-6-1974

அவன் எனக்குப் பயந்து கடலுக்குப் போகவில்லை. மரியாதைக்குப் போனான்.

2-11-1974

மழை. கோடவுனில் தண்ணீர் புகுந்தது. மூட்டை தூக்குகிறவர்கள் என்னைப் பார்த்ததும் வேலையை நிறுத்திவிட்டு ஒதுங்கி நிற்கிறார்கள். நெல் நனைகிறது. நகர்ந்து உள்ளே வந்துவிட்டேன்.

9-2-1975, ஞாயிறு

எல்லப்பன் வெற்றிலைத் தட்டோடு வந்தார், முதல் வலைக்கு அழைக்க. கூடவே சின்னப்பொண்ணு. அவள் வருவாள் என்று நினைக்கவில்லை.

"எம்வூட்டுக்காரர் மரத்த சரி பண்ணி வச்சிகீறோம். இந்த வாட்டியும் அதான் மொதல்ல எறங்குது. அவரு அண்ணாத்த போறாரு" என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்து, "கொஞ்சம் வெள்ளன வந்துடுங்க தொரசாணி" என்றாள்.

எல்லப்பன் பதறிப்போய், "ஏய், யார்கிட்ட இன்னா பேசற நீ?" என்றார்.

"கடலு யாரையும் பாத்துகினு நிக்காது மாமா. அதத்தான் சொன்னேன்."

ஒரு வருஷமாக யாராவது சொல்ல மாட்டார்களா என்று காத்திருந்தது இதைத்தான்.

"நான் வரவே இல்லை என்றால்?" என்று கேட்டேன்.

எல்லப்பன் நான் விளையாடுவதாக நினைத்துச் சிரித்தார். "வராங்காட்டி இன்னா, காத்துகினு இருப்போம்."

"எத்தனை நாள்?"

"நீங்க வர்ற வரிக்கும்."

அவர்கள் போன பிறகு தட்டைத் தொடாமல் உட்கார்ந்திருந்தேன். போனாலும் குற்றம், போகாவிட்டாலும் குற்றம். நான் செத்துப்போனால்கூட ஏதாவது சித்தப்பா மகளைத் தேடிப் பிடித்துக்கொண்டு வருவார்கள்.

11-2-1975

பார்த்தசாரதி வந்தார். மறுபடியும் அதே வெள்ளி. "கலெக்டர் இந்த வருஷம் நேரத்துக்கு வந்துவிடுவார், இளவரசி" என்றார். பாவம், நல்ல மனிதர். வரவில்லை என்று எழுதிக் கொடுத்தேன். உடம்புக்கா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

13-2-1975, வியாழன்

துணியை மஞ்சள் நீரில் நனைத்துக் கொடியில் போட்டிருக்கிறேன். உள்ளங்கை இரண்டும் மஞ்சள்.

காசிநாதனிடம் விடியற்காலை நாலு மணிக்கு வண்டி வேண்டும் என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். பச்சைப் பட்டு வேண்டாம். நூல் புடவை போதும்.

நாளை நான் கட்டப்போவதில்லை. துணியைச் சின்னப்பொண்ணு கையில் கொடுக்கப்போகிறேன், எல்லார் முன்னாலும். இனி ஒவ்வொரு வருஷமும் அவள்தான் கட்ட வேண்டும். அவள் கரையிலேயே இருக்கிறவள்; அவளுக்காக யாரும் வெயிலில் நிற்க வேண்டாம். காற்று மாறினால் அவளுக்குத் தெரியும். இன்றைக்கு வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு வாய் இருக்கிறது.

தாலி அறுத்தவள் கையா என்று எல்லப்பன் தயங்குவார். அரண்மனை உத்தரவு என்பேன். இத்தனை வருஷத்தில் அந்த வார்த்தையை நான் சொன்னதே இல்லை. நாளை ஒருமுறை சொல்வேன். அதற்கப்புறம் அந்தக் கரையில் எனக்கு வேலை இல்லை. யோசித்துப் பார்த்தால், என்னை உண்மையாகவே எதிர்பார்த்தது அந்த ஒரு இடம்தான்.

அவளிடமும் கேட்கவில்லை. முடியாது என்பாளோ?

அப்படிச் சொன்னால், முதலில் அதை உட்கார்ந்து கேட்பேன். மணலில்.