பத்து வரியிலும் ஒரே பெயர்

நேற்று புக்கிட் செந்தோசாவில், நம் மகள் கலா வீட்டில், பேத்தி கம்ப்யூட்டரில் ஏதோ விளையாட்டைத் திறக்கப் பார்த்தாள். திரையின் நடுவில் ஒரு பெட்டி வந்து நின்றது. இதை ஓட்ட உனக்கு அதிகாரம் இல்லை, அதிகாரம் உள்ளவரின் பாஸ்வர்டைப் போடு என்று அதற்கு அர்த்தமாம். அதிகாரம் உள்ளவள் கலா, வேலைக்குப் போயிருந்தாள். "தாத்தா, உங்களுக்குத் தெரியுமா லா?" என்று பேத்தி கேட்டாள். தெரியாது என்றேன். அவள் எழுந்து வெளியே போய்விட்டாள். நான் மட்டும் அந்தப் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். மூன்றாம் பாரத்தோடு படிப்பை நிறுத்திய கை, கட்டிய மனைவிக்கு ஒரு கடிதம்கூட எழுதியதில்லை. நீ கண்ணை மூடிய பிறகு எழுத உட்கார்ந்திருக்கிறேன். சிரித்துக்கொள்.

நம் வீட்டிலும் ஒரு காலத்தில் அதிகாரம் உள்ளவர் ஒருவர் இருந்தார். அது நான்தான்.

எண்பதுகளின் கடைசி அது. தோட்டத்து லய வீட்டை விட்டுக் கோல சிலாங்கூரில் தாமான் குடியிருப்புக்கு வந்துவிட்டோம். நான் பாமாயில் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லோரியை ஓட்டிக்கொண்டிருந்தேன். ஆலை ஆபீசில் பழைய கம்ப்யூட்டரைத் தள்ளிவிட்டார்கள், நான் வாங்கி வந்தேன். கலா படித்துப் பெரிய ஆளாக வேண்டும் என்று ஊரெல்லாம் சொன்னேன். அதற்கு நீ பழைய சாரோங் துணியில் உறை தைத்தாய். கேம் ஓட்டினால் வைரஸ் வந்து மெஷின் செத்துவிடும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, கிள்ளான் கம்ப்யூட்டர் கடைக்காரரிடம் கொடுத்துப் பாஸ்வர்ட் போட்டேன். என் லோரி நம்பர்தான் பாஸ்வர்ட். தாமானில் பாதிப் பேருக்கு அது மனப்பாடம். அதை ரகசியம் என்று நினைத்துக்கொண்டிருந்த ஒரே ஆள் நான்.

அந்த வருஷம்தான் பையன் பிறந்தான். பெயர் வைக்கிற உரிமையை உனக்குத் தந்தேன், கூடவே ஒரு சட்டமும் போட்டேன்: முப்பதாம் நாள் தொட்டில் போடும்போதுதான் சொல்ல வேண்டும், அதுவரை என்னிடம்கூட வாய் திறக்கக் கூடாது, கண் பட்டுவிடும். நீ தலையாட்டினாய். ஒன்பதாம் நாள் பிள்ளை போய்விட்டான். ஆஸ்பத்திரிச் சீட்டில் பெயர் எழுதும் இடத்தில் 'ஆண் குழந்தை' என்று மட்டும் இருந்தது. அந்தப் பெயரை நான் கேட்கவில்லை. கேட்டால் நீ அழுவாய் என்று பயந்தேன். நானும் அழுதுவிடுவேன் என்றுதான் உண்மையில் பயந்தேன்.

மூன்று மாதம் நீ பேசவில்லை. பிறகு ஒருநாள் சம்பலுக்கு மிளகாய் இடிக்கும் சத்தம் கேட்டது. இன்னொரு நாள் கலாவுக்கு ஜடை பின்னிக்கொண்டே எதற்கோ சிரித்தாய். கோயிலில் நான் வைத்த வேண்டுதல் பலித்துவிட்டது என்று நானே என் தோளைத் தட்டிக்கொண்டேன்.

அதே சமயத்தில்தான் கம்ப்யூட்டருக்கு வியாதி வந்தது. மத்தியானம் சாப்பிட வரும்போது உறையின் மேல் கை வைத்தால் சூடு. மூடிக் கிடக்கிற மெஷின் தானாகச் சுடுமா? இரண்டு நாள் அதற்கு எதிரே காற்றாடியைத் திருப்பி வைத்தேன். நீ அதைப் பார்த்துவிட்டுச் சோறு போட்டாய். மூன்றாம் நாள் மெஷினைத் தூக்கி லோரியின் முன்சீட்டில் வைத்துக் கிள்ளானுக்குக் கொண்டுபோனேன்.

கடைக்காரர் சீனர். அவரோடு மலாயில்தான் பேச்சு. சுவிட்சைப் போட்டார். மெஷின் பாஸ்வர்டே கேட்கவில்லை. உள்ளே ஒரு ஃப்ளாப்பி டிஸ்க் செருகியிருந்தது. அதிலிருந்து நேராகக் கேம் ஓட ஆரம்பித்தது. பந்து துள்ளிச் செங்கல் உடைக்கிற கேம். என் பூட்டு மெஷினுக்குள் இருக்கும் பெரிய டிஸ்குக்கு மட்டும்தானாம், வெளியிலிருந்து கேம் டிஸ்கைப் போட்டுத் திறந்தால் அது யாரையும் தடுக்காதாம். அவர் சிரித்தார், நானும் சிரித்தேன். அப்புறம் திரையில் அதிகப் புள்ளி எடுத்தவர்களின் பட்டியல் வந்தது. பத்து வரி. பத்து வரியிலும் ஒரே பெயர், கதிர், கதிர் என்று இங்கிலீஷ் எழுத்தில்.

காலையில் கலா பள்ளிக்கூடத்தில் இருப்பாள். உனக்கு மெஷினைத் தொடவே பயம் என்றுதான் நினைத்திருந்தேன். அப்படியானால் யார் இந்தக் கதிர்? நான் இல்லாத நேரத்தில் என் வீட்டில் உட்கார்ந்து ஆடுகிறவன்? கடைக்காரர், இந்த மாதிரி டிஸ்கில்தான் வைரஸ் வரும், அழித்துவிடட்டுமா என்றார். அழித்துவிடுங்கள் என்றேன். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

திரும்பி வரும் வழியெல்லாம் தாமானில் உள்ள இளவட்டங்களை ஒவ்வொருவராக எண்ணிப்பார்த்தேன். இதை இன்று எழுதும்போதும் முகம் சுடுகிறது.

நீ அடுப்படியில் உட்கார்ந்து நெத்திலிக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்தாய்.

"யாரு அந்தக் கதிர்?" என்றேன்.

உன் விரல் நின்றது. "பேரப் பாத்தீங்களா?"

"பத்து தடவ போட்டிருக்கு. எந்த வீட்டுப் பையன் அவன்?"

"நம்ம வீட்டுப் பையன்தாங்க."

எனக்குப் புரியவில்லை. என்ன மனுஷன் நான்! நீதான் மறுபடி சொன்னாய். "முப்பதாம் நாள்தான் சொல்லணும்னீங்க. அப்புறம் நீங்க கேக்கவே இல்ல. எங்கயாச்சும் எழுதி வைக்கணும்னு தோணுச்சு."

கலாவின் கூட்டாளி கொடுத்த டிஸ்க் அது. கலாவிடம் ஒரே ஒரு தடவை கேட்டுக் கற்றுக்கொண்டாயாம். பந்து தவறாமல் அடித்தால் கடைசியில் பெயர் கேட்குமாம். யாருமே கேட்காத பெயரை அந்த மெஷின் கேட்டிருக்கிறது.

டிஸ்கை உன் கையில் கொடுத்து, நடந்ததைச் சொன்னேன். நீ திட்டவில்லை. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாய்.

"பத்தும் போயிருச்சாங்க?" என்றாய்.

நான் லோரிக்குப் போய் மெஷினை இறக்கி வந்தேன்.

அடுத்த வாரம் பாஸ்வர்டை எடுக்கச் செய்தேன். கலா அதே கேமை மறுபடி வாங்கி வந்தாள். நீ தொடவில்லை, கை வரவில்லை என்றாய். அதனால் நான் உட்கார்ந்தேன். பத்து டன் லோரியை வளைத்த கைக்கு அந்தப் பந்து அடங்கவில்லை. அப்பா, எதிர்ப்பக்கம் எதிர்ப்பக்கம் என்று கலா தலையில் அடித்துக்கொண்டாள். பதினைந்து நாளைக்குப் பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பட்டியலின் கடைசி வரியில் இடம் கிடைத்தது. ஒவ்வொரு எழுத்தாகத் தேடித்தேடி அடித்தேன். உன்னைக் கூப்பிட்டேன். ஈரக் கையோடு வந்து நின்று பார்த்தாய்.

"பத்தாவதா? எங்கிட்ட அவன் மொதல்ல இருந்தவனாச்சேங்க" என்றாய். சிரிக்கிறாய் என்று நிமிர்ந்து பார்த்தேன். சிரித்துக்கொண்டுதான் இருந்தாய், கண்ணிலிருந்து கொட்டிக்கொண்டிருந்தது. அன்றைக்குத்தான் நாம் இரண்டு பேரும் சேர்ந்து அழுதோம்.

அந்த மெஷின் எப்போதோ பழைய இரும்புக்குப் போய்விட்டது. அந்த வரியும் அதோடு போயிருக்கும். எத்தனை பிள்ளைகள் என்று யாராவது கேட்டால் நீ ரெண்டு என்பாய், அதே நேரத்தில் நான் ஒண்ணு என்பேன். கேட்டவர் நம் இருவரையும் மாறி மாறிப் பார்ப்பார். போன வாரம் கிளினிக்கில் நர்ஸ் கேட்டாள். இரண்டு என்றேன். பெயர் என்ன அங்கிள் என்றாள். கலா, கதிர் என்று சொன்னேன். அவள் எழுதிக்கொண்டாள்.