துவைக்காத கம்பளி

என் வாயாடிக்கு,

உன் முதுகுவலி தேவலையா? அத்தையை மிகவும் கேட்டதாகச் சொல். நான் சௌக்கியம்.

கம்பளி நூற்கப் பழகுகிறவனுக்கு ஆட்டு நாற்றமும் பிசுக்கும் போகாத முரட்டுக் கம்பளியைக் கொடுத்தார் என்று, போன கடிதத்தில் மேஸ்திரியம்மாவைக் கண்டபடி திட்டியிருந்தேனே, அதைக் கிழித்துப் போட்டுவிடு.

நேற்று அவர் இல்லாத நேரம் பார்த்து, அலமாரியிலிருந்த பட்டுப்போன்ற வெள்ளைக் கம்பளியை எடுத்து ராட்டையில் உட்கார்ந்தேன். இழுக்க இழுக்க வழுக்கிக்கொண்டு அறுந்தது. மடி நிறையத் துண்டுகளோடு விழித்துக்கொண்டிருந்தபோது வந்துவிட்டார். அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலை.

"புதுக் கைக்கு முரட்டுக் கம்பளிதாம்ப்பா சரி. அந்தப் பிசுக்குதான் இழையை ஒண்ணோட ஒண்ணு பிடிச்சு வைக்கும். உனக்குன்னு நானே தேடி எடுத்து வெச்சது" என்றார்.

முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. இன்று வாயை மூடிக்கொண்டு அதையே நூற்றேன். நூல், எலி விழுங்கிய பாம்பு மாதிரி அங்கங்கே புடைத்திருக்கிறது, ஆனால் அறவில்லை.

சங்கு ஊதிவிட்டது, போகிறேன். கை துடைக்க உன் பழைய சேலை ஒன்று அனுப்பு. சிரிக்காதே, நீ உடுத்திக் களைந்ததாக, துவைக்காமல் அனுப்பு.

உன் மக்கு